பெயர் கேட்கும் வாசல்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஞானஸ்நானமும் பங்குச் சமுதாயமும்

கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானஸ்நானச் சடங்கு தண்ணீர்த் தொட்டியின் அருகே தொடங்குவதில்லை. கோவிலின் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தையைக் கையில் ஏந்தி வந்து நிற்கும் தாய் தந்தையரை எதிர்கொண்டு அழைக்கும் குரு, முதன்முதலாக அவர்களிடம் கேட்பது அக்குழந்தைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரை. அதன்பின் கேட்பது, திருச்சபையினிடத்தில் அக்குழந்தைக்காக அவர்கள் வேண்டி நிற்பது யாது என்பதை. சிரசில் வார்க்கப்படும் தீர்த்தமும், உச்சியில் பூசப்படும் கிறிஸ்மா தைலமும், மேலே போர்த்தப்படும் வெண்ணாடையும், பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து ஏற்றித் தரப்படும் சிறு திரியும் ஆகிய யாவும் அவ்விரு வினாக்களுக்குப் பிறகே வருகின்றன. குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவதற்கு முன்னர், குரு தன் சொந்தப் பெயரால் பேசாது, கூடியிருக்கும் சமுதாயத்தின் பெயரால் அதனை வரவேற்கிறார். அவரை அடுத்துப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதே நெற்றியில் அதே அடையாளத்தை வரைகின்றனர்.

ஆகவே இச்சடங்கில் கேட்பவர் ஒரு தரப்பினர். ஏற்பவர் மற்றொரு தரப்பினர். கேட்பவரைப் பற்றி, அதாவது பெற்றோரின் விசுவாசம், அவர்களுடைய ஆயத்தம், அவர்கள் கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் ஆகியவற்றைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசிவிட்டோம். ஏற்பவரைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம். வாசலில் நின்று ஒரு மனித உயிரின் பெயரைக் கேட்டு, இனி இது எங்களுடையது என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்ளும் ஒரு பங்குச் சமுதாயம், அந்த வார்த்தையினால் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் கடன் எத்தகையது என்பதே இக்கட்டுரையின் பொருள். கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கோவில் தோன்றுமுன்பே ஊர் இருந்தது. உறவும் முறையும் இருந்தன. இங்கோ, ஊரையும் உறவையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த ஜனங்கள், கோவிலைக் கொண்டே ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்ள வேண்டியவர்களாய் இருந்தார்கள்.

அவர்கள் வந்த சரித்திரத்தைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் குன்றின்மேல், இன்று புனித அருளப்பர் பேராலயமாக விளங்கும் கோவிலின் முதல் வித்து 1883-ஆம் ஆண்டில், பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த லெத்தெசியே சுவாமியாரால் ஊன்றப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1886-இல், கோலாலம்பூரைக் கிள்ளான் திசையோடு இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதையே இப்பிரதேசத் தமிழரின் வாழ்வை நிர்ணயித்தது என்று சொல்லலாம். செங்கற் சூளைகள் இருந்தமையால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வே பணிமனைகளும் குடியிருப்புகளும் எழுந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும், தஞ்சை திருச்சி மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கும் ஒருங்கே இருப்பிடமாயிற்று. பாதையின் மறுகோடியில், கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களில் முதலில் காப்பியும் பின்னர் இரப்பரும் பயிராயின. பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் ஃபே சுவாமியார் 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே ஒரு விவசாயக் குடியேற்றத்தை நிறுவியதைப் போன்ற திட்டம் சிலாங்கூரில் இல்லை. இங்கு மக்கள் சிதறிக் கிடந்தார்கள், குரு அவர்களைத் தேடிச் சென்றார். நகரில் ராபர்ட்சன் சாலையில் புனித அந்தோணியார் ஆலயம் தமிழருக்கென எழுந்தது. கிள்ளானில் இன்று ஜாலான் தெங்கு கிளானா என வழங்கும் சாலையோரத்தில், பிரான்சின் லூர்து நகர்த் திருத்தலத்தை முன்மாதிரியாகக் கொண்ட லூர்து மாதா ஆலயம் 1928-இல் நிறைவெய்தியது.

அக்காலத்துத் தோட்டங்களில் ஞானஸ்நானம் எத்தகைய சூழ்நிலையில் அளிக்கப்பட்டது என்பதை அறிய, கிள்ளானின் மருத்துவ சரித்திரத்தை ஒருகணம் நோக்குவது நலம். 1901-ஆம் ஆண்டில் இவ்வூருக்கு மருத்துவ அதிகாரியாக வந்த மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சல் கிள்ளான் நகரைச் சூறையாடுவதைக் கண்டார். அதே ஆண்டில் திறக்கப்பட்ட ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தை, அதாவது இன்றைய போர்ட் கிள்ளானை, காய்ச்சலின் கொடுமையால் மூடிவிடலாமா என்று அரசாங்கம் ஆலோசிக்கும் நிலை உண்டாயிற்று. சதுப்பு நிலங்களை வடித்து, காட்டை அகற்றி, அவர் நோயை அடக்கினார் என்பது உலகறிந்த செய்தி. எனினும் தோட்டப்புறங்களை அந்த நன்மை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. லயன் எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்த சிசுக்களில் பல, குருவானவர் அடுத்த முறை வரும்வரை பிழைத்திருக்கும் என்ற நிச்சயம் இல்லாதவை. அவசர வேளையில், சரியான கருத்தோடு தண்ணீர் வார்த்து உரிய வார்த்தைகளைச் சொல்லும் எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாம் என்பது திருச்சபையின் தொன்மையான போதனை; 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 861-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. உபதேசியாரும், தோட்டத்து மூப்பரும், பிள்ளைப்பேறு பார்க்கும் கிழவியும் அந்த அதிகாரத்தை உடையவர்களானார்கள். ஞானஸ்நானமின்றி மரிக்கும் குழந்தையின் கதி பற்றிய அச்சமும் அவர்களை உந்தியது என்பதை மறைப்பதற்கில்லை. அத்தகைய குழந்தைகளின் இரட்சண்யத்தில் நம்பிக்கை வைக்கப் போதிய ஆதாரம் உண்டென்று அனைத்துலக இறையியல் குழு உரைத்தது 2007-ஆம் ஆண்டில்தான். அச்சத்தினால் செய்யப்பட்ட அச்செயலில் அச்சத்தினும் பெரியதொன்று இருந்தது. பிழைக்காத பிள்ளைக்கும் ஒரு பெயர் இட வேண்டும், அந்தப் பெயரை ஒரு சமுதாயம் அறிய வேண்டும் என்ற வைராக்கியமே அது. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப்பட்டியலில், இடம்பெறும் வயது வராத அவ்வுயிர், கோவில் ஏட்டில் இடம்பெற்றது.

உறவு முறை பற்றியும் இங்கே சிந்திக்க வேண்டியிருக்கிறது. தமிழரின் இல்லறச் சடங்குகளில் தாய்மாமனுக்குரிய ஸ்தானம் அசைக்க முடியாதது. காது குத்துவதிலிருந்து கல்யாணம்வரை அவன் இன்றி ஒன்றும் நடவாது. கத்தோலிக்கத் தமிழரும் ஞானத்தகப்பனைத் தேர்ந்தெடுக்கும்போது இயல்பாகத் தாய்மாமனையே நாடுவர். சடங்கு புதிது, முறை பழையது என்ற அளவில் இரண்டும் இணங்கிப்போயின. ஆனால், கப்பலேறி வந்தவனுக்குத் தாய்மாமன் எங்கே இருந்தான்? அவன் சோழ நாட்டிலோ வன்னியிலோ இருந்தான். ஆகவே, பக்கத்து லயத்துக்காரனும், உடன் பாலெடுக்கும் தொழிலாளியும், ஞாயிறுதோறும் கோவிலில் சந்திக்கும் இரயில்வேக்காரரும் ஞானத்தகப்பன்மாராயினர் என்று கொள்வது தகும். இரத்தத்தால் உறவற்ற இருவரை, வேறு எவ்வகையிலும் ஒன்றுசேர்ந்திருக்கமாட்டாத இரு குடும்பங்களை, ஒரு சிசுவின் தலைமேல் வார்த்த தண்ணீர் உறவினராக்கிற்று. இது வெறும் உபசார வார்த்தையன்று. 1563-இல் திரெந்து சங்கம் ஞானப்பெற்றோரின் எண்ணிக்கையை ஒருவர், அல்லது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று குறுக்கி, அவர்களுடைய பெயர்களை ஏட்டில் எழுதுமாறு பங்குக் குருக்களைப் பணித்ததற்கு முதற்காரணம், ஞான உறவு உண்மையான உறவென்றும், மணத்தடை விளைவிக்கும் அளவுக்கு மெய்யானதென்றும் திருச்சபை கருதியதே ஆகும். 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் ஞானப்பிள்ளையை மணம்புரிவதற்குத் தடை விதித்திருந்தது. இப்போதைய சட்டம் அந்தத் தடையை நீக்கியது; நீக்கியதில் நியாயமும் உண்டு. ஆயினும் தடையோடு சேர்த்து அந்த உறவின் கனத்தையும் நாம் நீக்கிவிட்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. மோதிரமும் புத்தாடையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு இன்றைய ஞானத்தகப்பனின் கடமை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

ஞானஸ்நான ஏடு என்று சொன்னேன். அதன் மகத்துவத்தை விசுவாசிகளே அறியாதிருப்பதால் அதைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுகிறேன். பங்கு அலுவலகத்தின் அலமாரியில் இருக்கும் அந்தப் பெரிய புத்தகத்தில், ஞானஸ்நானம் பெற்றவரின் பெயர், அளித்தவரின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், இடம், தேதி ஆகியவை எழுதப்படுகின்றன. அவ்வளவில் அது ஒரு பிறப்புப் பதிவை ஒத்ததே. ஆனால் பிறப்புப் பதிவு எழுதியவுடன் முடிந்துவிடுவது. இந்த ஏடு முடிவதில்லை. பத்தாம் பத்திநாதர் காலத்தில் 1907-இல் வெளியான ‘நே தெமெரே’ என்னும் ஆணை, ஒருவருடைய விவாகம் எங்கே நடந்தாலும் அது அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் ஏட்டில் குறிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. இன்றைய சட்டத்தின் 535-ஆம் பிரிவு, உறுதிபூசுதல், விவாகம், குருப்பட்டம், துறவற நித்திய வார்த்தைப்பாடு ஆகிய அனைத்தும் அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. கிள்ளானில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண், முப்பது ஆண்டுகளுக்குப் பின் பூச்சோங்கிலோ மெல்போர்னிலோ மணம்புரிந்தால், அந்தச் செய்தி கிள்ளானுக்கு எழுதி அனுப்பப்பட்டு, அவளுடைய பெயருக்கு எதிரே சேர்க்கப்படுகிறது. அவள் கிள்ளானை மறந்திருக்கலாம். கிள்ளான் அவளை மறக்கக்கூடாது என்பது சட்டம். தோட்டம் விட்டுத் தோட்டம், தோட்டம் விட்டு நகரம் என்று ஓடிக்கொண்டேயிருந்த ஒரு ஜன சமூகத்தின் வாழ்வில், இவர் இன்னார், இன்னாருடைய பிள்ளை, இன்னாரை ஞானப்பெற்றோராய்க் கொண்டவர் என்று தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் எழுதிவைக்கப்பட்டிருப்பது சாமானியமான காரியமா? ஊர் இல்லாதவர்க்கு அந்த ஏடே ஊர்.

ஆனால் ஏட்டில் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டவர்கள் கோவிலில் ஒரே பக்கத்தில் அமர்ந்தார்களா என்ற கேள்வியிலிருந்து தப்ப இயலாது. தமிழ்க் கத்தோலிக்க சரித்திரத்தின் ஆறாத புண் இதுவே. 1703-ஆம் ஆண்டில் போப்பரசரின் தூதராய்ப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் என்பவர், மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் பின்பற்றி வந்த வழக்கங்களை ஆராய்ந்து 1704-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் முதன்மையான விஷயங்களுள் ஒன்று ஞானஸ்நானச் சடங்கைப் பற்றியது. உமிழ்நீர் தொட்டு வைத்தல், ஊதுதல் ஆகிய சடங்கு உறுப்புகளை, எச்சிலை அருவருக்கும் தமிழர் மனப்பான்மைக்கு அஞ்சிக் குருக்கள் விட்டிருந்தனர். அவற்றை விடக்கூடாதென்றார் துர்னோன். அதே ஆணையில், நோயுற்ற பறையரின் இல்லங்களுக்குக் குருக்கள் செல்ல வேண்டும் என்றும் கண்டிப்பாக வற்புறுத்தினார். நாற்பது ஆண்டுகள் நீடித்த வாதத்தை 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடித்துவைத்தபோது, உமிழ்நீர் பற்றிச் சில காலத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1969-இல் வெளியான புதுச் சடங்கு முறையில் உமிழ்நீர் இல்லவே இல்லை. இரண்டாவது பிரச்சினையோ அவ்வளவு எளிதில் மறையவில்லை. வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டப்பட்டிருந்த ஆலயத்தின் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்தான். இடித்ததற்காக நீதிமன்றம்வரை வழக்கும் சென்றது. உமிழ்நீர் எளிய பிரச்சினை, அண்டை மனிதன் அரிய பிரச்சினை என்பதை இந்த இரு நூற்றாண்டுச் சரித்திரம் நிரூபிக்கிறது. ஒரே தீர்த்தத்தில் பிறந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் எவர்க்கும் சிரமமில்லை. ஒரே பாயில் அமர்வதே சிரமம்.

மலாயாவுக்கு வந்தபோது அந்தச் சுவர் முற்றும் கடலில் விழுந்துவிடவில்லை என்றாலும், லயன் வாழ்க்கையின் நெருக்கமும் கூலியின் சமத்துவமும் அதைத் தாழ்த்தின. ஆனால் இங்கே வேறு சுவர்கள் எழும்பின. பிரிக்பீல்ட்ஸைச் சென்று பார்ப்போர் அவற்றைக் கண்கூடாகக் காணலாம். இன்று துன் சம்பந்தன் சாலை என வழங்கும் வீதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புனித செபமாலை மாதா ஆலயம் சீனருக்கென்று கட்டப்பட்டது. அதே பிரிக்பீல்ட்ஸில் பாத்திமா மாதா ஆலயம் தமிழர்க்குரியதாய் விளங்கியது. இரண்டும் ஒரே தாயின் பெயர் தாங்கிய, ஒரே ஆயருக்குட்பட்ட ஆலயங்கள். மொழி வேறுபாட்டினால் விளைந்த பிரிவு இது. தாய்மொழியில் செபிக்கும் உரிமையை நான் குறைத்து மதிக்கவில்லை, மாறாக அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன். ஆயினும் மொழிக்காக வகுத்த எல்லை, காலப்போக்கில் இனத்துக்கான எல்லையாகத் தடித்துப்போனதைக் கண்டும் காணாதது போல் எழுதுவது தர்மமன்று.

இவ்விடத்தில் தத்துவார்த்தமான ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சமுதாயத்தின் பங்கை வலியுறுத்தும் ஆர்வத்தில் சில தேசங்களில் சில குருக்கள் ஞானஸ்நான வாய்பாட்டையே மாற்றி, ‘நான்’ என்று ஒருமையில் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நாங்கள்’ என்று பன்மையில் சொல்லத் தலைப்பட்டனர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், அவ்வாறு அளிக்கப்பட்ட ஞானஸ்நானம் செல்லாது என்றும், அதைப் பெற்றவர்கள் மீண்டும் பெற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சிலருக்கு இது சட்ட நுணுக்கத்தின் கொடுமையாகத் தோன்றியது. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஞானஸ்நானம் அளிப்பவர் கிறிஸ்துவே என்பதும், குருவின் நாவு அவருக்கு இரவலாகத் தரப்பட்ட கருவியே என்பதும் அகுஸ்தீனார் காலந்தொட்டு வரும் போதனை. ஒரு சமுதாயம் தன் விருப்பத்தால் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுமாயின், தன் விருப்பத்தால் ஒருவரை விலக்கவும் செய்யும்; சாதிச் சங்கமும் கிளப்பும் அப்படித்தான் நடக்கின்றன. பங்கோ அவ்வாறன்று. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குக் கிடையாது. தரப்பட்டவரை ஏற்கும் கடமை மட்டுமே உண்டு. கிறிஸ்துவின் மரணத்திலும் உயிர்ப்பிலும் ஒருவர் இணைக்கப்படுகிறார் என்று சின்னப்பர் உரோமையருக்கு எழுதியதும், யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன் என்ற பேதம் நீங்கிற்று என்று கலாத்தியருக்கு எழுதியதும் ஒரே சத்தியத்தின் இரு முகங்கள். சமுதாயம் கர்த்தா அல்ல, பொறுப்பாளி. பிரிக்பீல்ட்ஸின் சுவர்களைப் பற்றி நான் மேலே முறையிட்டதற்கு அடிப்படையும் இதுவே.

இந்தப் பொறுப்பை மலேசியத் திருச்சபை உணர்ந்து எழுந்த ஒரு காலம் உண்டு. அது நம்முடைய சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. 1955-இல் கோலாலம்பூர் தனி மறைமாவட்டமாயிற்று; அதன் முதல் ஆயர் இலங்கை வழிவந்த தோமினிக் வெண்டர்கோன் ஆண்டகை. அவரையடுத்து அந்தோனி சோத்தர் பெர்னாண்டஸ், மர்பி பாக்கியம் ஆகியோரும் பேராயர்களாய் விளங்கினர். இந்திய, இலங்கை வமிசத்தவர் மூவர் தொடர்ந்து அந்தப் பீடத்தை அலங்கரித்தார்கள். வெண்டர்கோன் ஆண்டகையின் காலத்தில், 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கிலுள்ள காலேஜ் ஜெனரல் குருமடத்தில் ஒன்றுகூடி, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஒளியில் தங்கள் திருச்சபையின் நிலையை ஆராய்ந்தனர். அந்த ஒரு மாதமும் பங்குகளில் குரு இல்லை. ஞாயிறு வழிபாட்டை நடத்தியவர்கள் பொதுநிலையினர். குருவின்றி ஒரு மாதம் செபித்த மக்கள், திருச்சபை என்பது குருவின் உடைமையல்ல என்பதை வாதத்தால் அன்றி அனுபவத்தால் அறிந்தார்கள். அக்கூட்டத்தின் கனியாக, பத்துப் பதினைந்து குடும்பங்கள் இல்லங்களில் கூடி வேதம் வாசித்து ஒருவரை ஒருவர் ஆதரிக்கும் சிறு சமூகங்கள் நாடெங்கும் தோன்றின. தமிழ்நாட்டில் அன்பியம் என்று வழங்குவதை இங்கே பி.இ.சி. என்கிறார்கள். 1986 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடந்த தீபகற்ப மேய்ப்புப்பணி மாநாடுகள் இவற்றையே மீண்டும் மீண்டும் வலியுறுத்தி வந்தன.

வயது வந்தோருக்கான ஞானஸ்நான முறையையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். 1972-இல் உரோமை வெளியிட்ட சடங்கு நூல், ஆதித் திருச்சபையின் ஆயத்த நிலையை உயிர்ப்பித்தது. ஆர்.சி.ஐ.ஏ. என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்லாப் பங்குகளிலும் அறியப்படும் இந்த முறையில், விசுவாசத்தை நாடி வரும் ஒருவர் பல மாதங்கள் வாரந்தோறும் கூடிப் பயில்கிறார். தவக்காலத் தொடக்கத்தில் ஆயரின் முன்னிலையில் தேர்ந்துகொள்ளப்படுகிறார். தவக்கால ஞாயிறுகள் மூன்றில் சபையின் நடுவே நின்று அதன் செபத்தைப் பெறுகிறார். பாஸ்கா திருவிழிப்பின் இரவில் தண்ணீரில் இறங்குகிறார். இங்கு ஏற்கும் சமுதாயத்தின் முகம் மறைந்திருக்க முடியாது. துணை நிற்பவர் ஒருவர் வாரந்தோறும் உடன் வருகிறார்; ஆயத்தக்காரரின் பெயர்கள் திருப்பலியில் வாசிக்கப்படுகின்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலாகி, ஏப்ரல் 12-ஆம் தேதிப் பாஸ்காவுக்குக் கோவில்கள் அடைபட்டுக் கிடந்தபோது, மாதக்கணக்காக ஆயத்தம் செய்தோர் காத்திருக்க நேர்ந்தது. ஒரு குருவும் சிறிது தண்ணீரும் எங்கும் கிடைக்கக்கூடியவையே. ஆயினும் சமுதாயம் கூடவியலாத இரவில் அந்தச் சடங்கு ஒத்திவைக்கப்பட்டது. வயது வந்தோர்க்கு இவ்வளவு செய்யும் பங்கு, குழந்தைகளின் ஞானஸ்நானத்தை ஞாயிறு பிற்பகலில், திருப்பலி முடிந்து எல்லோரும் வீடு சென்றபின், நாலைந்து குடும்பங்களோடு விரைந்து முடித்துவிடுவது பொருந்துமா? ஞாயிற்றுக்கிழமையும் பாஸ்கா திருவிழிப்பும் உகந்த காலங்கள் என்று 856-ஆம் பிரிவும், குருவானவர் குடும்பங்களைச் சந்தித்து, பல குடும்பங்களை ஒன்றுகூட்டி ஆயத்தப்படுத்த வேண்டும் என்று 851-ஆம் பிரிவும் கூறுவது எதற்காக?

இன்றைய நிலையின் சிக்கல்களை நான் அறியாதவனல்லன். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற்றப்பட்டும் அழிந்தபோது, லயத்தில் நூறு ஆண்டு வாழ்ந்தவர்கள் கிள்ளான், காப்பார், பூச்சோங், ஷா ஆலம் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறினர். பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாத வாழ்க்கை தமிழ்க் கத்தோலிக்கனுக்கும் வந்துவிட்டது. புதுக் குடியிருப்புகளில் கோவில் எழுப்புவதும் எளிதன்று. ஷா ஆலமில் இறை இரக்க ஆலயம் திறக்கப்பட்டது, பல ஆண்டு விண்ணப்பத்துக்கும் காத்திருப்புக்கும் பிறகு 2005-இல். பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்திலும் மலாயிலும் ஞானோபதேசம் கற்கிறார்கள். தமிழ்த் திருப்பலிக்கு வரும் பாட்டியும் ஆங்கிலத் திருப்பலிக்குச் செல்லும் பேரனும் ஒரே வீட்டில் வாழ்ந்து வெவ்வேறு வேளையில் பலி காண்கிறார்கள். 2010-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலேசிய இந்தியருள் கிறிஸ்தவர் எல்லோரும் சேர்ந்தே ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர். ஆகவே கலப்பு விவாகம் விதிவிலக்காயிராமல் வழக்கமாகிவிட்டது. ஞானஸ்நானத் தொட்டியைச் சூழ்ந்து நிற்போரில் இந்து சகோதரர்கள் இருப்பது சர்வ சாதாரணம். ஞானத்தகப்பனாக ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெற்ற, பதினாறு வயது நிரம்பிய கத்தோலிக்கரே நிற்கலாம் என்ற 874-ஆம் பிரிவின் விதியால், பாசமுள்ள இந்து மாமன் மனம் வருந்துவதும் உண்டு. விதியை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மாமனிடம் ‘இல்லை’ என்பதோடு நிறுத்திவிடும் பங்கு, தன் கடமையைப் பாதியே செய்தது. அவரை வாசலில் வரவேற்று, அவர் கையில் குழந்தையைத் தந்து, இவரும் இக்குழந்தையை வளர்ப்பவர் என்று மதிக்க எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை.

சட்டம் என்றதும் மற்றொன்றையும் கூற வேண்டும். மலேசிய அரசியல் சாசனத்தின் 11-ஆம் ஷரத்து மத சுதந்திரத்தை அளிக்கிறது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே ஷரத்து கூறுகிறது. சிலாங்கூரில் அதற்கான சட்டம் 1988-இல் நிறைவேறியது. இந்த எல்லைக்குள் வாழும் திருச்சபை, எண்ணிக்கையால் தன்னை நிலைநாட்டிக்கொள்ள நினைப்பது வீண். இந்நாட்டில் கிறிஸ்தவனின் சாட்சியம் அவன் எப்படிச் சேர்ந்து வாழ்கிறான் என்பதிலேதான் வெளிப்பட முடியும்.

என் தீர்ப்பு இதுவே: கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் கத்தோலிக்கர் ஞானஸ்நானத்தைப் பக்தியோடு பேணி வந்திருக்கிறார்கள், ஆனால் அதன் இரண்டாம் பாதியை, அதாவது ஏற்பவரின் கடனை, தோட்டத்தோடு தொலைத்துவிட்டார்கள். ஏழ்மையில் அறியாமலே செய்த காரியத்தை, வசதி வந்தபின் அறிந்து செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆகவே பங்குப் பேரவைகளில் அமர்ந்திருப்போரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் பங்கில் இவ்வாண்டு ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு பி.இ.சி.யிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். உறவினர் ஒருவரை ஞானத்தாயாகத் தேர்ந்தால், மற்ற ஞானப்பெற்றோரை அந்தச் சிறு சமூகத்திலிருந்து தேர்ந்துகொள்ளும்படி பெற்றோருக்கு ஆலோசனை கூறுங்கள். மாதம் ஒரு ஞாயிறேனும் சடங்கைத் திருப்பலியினுள்ளே, எம்மொழித் திருப்பலியாயினும், முழுச் சபையின் முன்பாக நிகழ்த்துமாறு உங்கள் குருவைக் கேளுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஏட்டைத் திறந்து, அதிலுள்ள பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க இருவரை நியமியுங்கள். விசாரிக்கச் செல்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அப்பிள்ளை கோவிலுக்கு வருகிறதா என்பதை அல்ல, நலமாக இருக்கிறதா என்பதை.